பிழை விடையும் பிள்ளை அறிவும்

மக்களைப் பெற்றோரும், பேரப்பிள்ளைகளை மடிமீது வைத்துக் கதை சொல்வோரும், கற்பிக்கும் கடமை பூண்டோரும் ஆகிய நம் அனைவரிடத்தும் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை சரியான விடை கூறினால் மகிழ்கின்றோம்; தவறாகக் கூறினால் உடனே திருத்துகின்றோம்; சில வேளைகளில் வெகுளவும் செய்கின்றோம். அத்தவறு பிள்ளையின் உள்ளத்தில் எவ்வழியாகத் தோன்றிற்று என்று ஆராய்வார் மிகச் சிலரே. அவ்வாறு ஆராயப் புகுந்த ஒருவரால், குழந்தையின் சிந்தை பிறப்பு முதல் வாலிபம் வரை வளரும் முறையைப் பற்றிய ஒரு பெருங்கல்வி சென்ற நூற்றாண்டில் தழைத்தது. அதனை இயன்ற அளவு எளிய முறையில் இங்குக் காண்போம்.

அதற்கு முன் அடியேனுடைய குற்றம் ஒன்றைக் கூறிவிடுதல் முறை. தொடக்கப் பள்ளி ஆசிரியனாகப் பணியேற்ற புதிதில், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எண்களைச் சொல்லி எழுதச் செய்துகொண்டிருந்தேன். ‘நூற்று மூன்று’ என்றேன். ஒரு சிறுவன் தன் பலகையில் 1003 என்று எழுதிக் காட்டினான். திருத்தினேன். அடுத்து ‘நூற்று ஏழு’ என்றேன். 1007 என்று எழுதினான். கவனம் இல்லை என்று கடிந்து, வகுப்பு முடியும் வரை அவனை நிற்க வைத்தேன். அவன் அழவில்லை, பலகையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பல ஆண்டுகள் கழித்துக் கோயிற் கல்வெட்டுகளைப் பற்றிய நூலொன்றைப் படிக்க நேர்ந்தது. பழந்தமிழ் எண்குறிகளில் நூற்று மூன்றினை ௱௩ என்று எழுதுவர் என்பதை அப்பொழுதுதான் கருத்தூன்றிக் கண்டேன். ௱ என்பது நூறு. ௩ என்பது மூன்று. நூற்றுக்கு ஒரு குறி, அதன் பக்கத்தில் மூன்றுக்கு ஒரு குறி, அவ்வளவே. இடமதிப்பு என்னும் முறையை இன்னும் உணராத அச்சிறுவன், காதில் விழுந்தபடியே முதலில் நூற்றினை எழுதி, அதனையடுத்து மூன்றினை எழுதியிருக்கின்றான். நம் பண்டைக் கணக்கர் எழுதிய வழியும் அதுவேயன்றோ? அவனிடம் இல்லாதது கவனம் அன்று. இடமதிப்பைப் பற்றிய ஒரு செய்தி. ‘ஏன் தம்பி, இப்படி எழுதினாய்?’ என்று ஒரு சொல் கேட்டிருந்தால் அன்றே விளங்கியிருக்கும். கேட்டேன் அல்லேன்.

தவறுகளை ஆராய்ந்தவர்

அடியேன் கேட்கத் தவறிய அவ்வினாவையே தம் வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர் ஜீன் பியாஜே என்னும் அறிஞர். இவர் சுவிட்சர்லாந்து நாட்டின் நூசாட்டெல் நகரில் 1896ஆம் ஆண்டு பிறந்தார். சிறு பருவத்திலேயே பூங்காவில் கண்ட வெண்ணிறச் சிட்டுக்குருவி ஒன்றைப் பற்றிக் குறிப்பெழுதி 1907இல் அச்சில் வரச் செய்தவர். பின்னர் நத்தை முதலிய மெல்லுடலிகளை ஆராய்ந்து 1918இல் முனைவர் பட்டம் பெற்றார். உயிரினங்களைப் பொறுமையுடன் உற்று நோக்கும் அப்பயிற்சியே பிற்காலத்தில் குழந்தைகளை உற்று நோக்கவும் உதவியது.

முதல் உலகப் போர் முடிந்தபின் அவர் பாரிஸ் நகருக்குச் சென்றார். அறிவுத்திறனை அளக்கும் சோதனையை அமைத்த ஆல்பிரட் பினே அப்போது உயிருடன் இல்லை. அவருடைய துணைவராக விளங்கிய தியோடர் சிமோன், பியாஜேக்கு ஒரு பணியை அளித்தார். இங்கிலாந்தில் சிரில் பர்ட் என்பார் அமைத்திருந்த பகுத்தறிவு வினாக்களைப் பாரிஸ் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றவாறு அளவிட்டுத் தருதல் அப்பணியாகும். எத்தனை பிள்ளைகள் சரியாக விடையளித்தனர் என்று எண்ணிக் குறித்தால் போதும், வேறு வேலையில்லை. ஆயினும் பியாஜேயின் உள்ளம் சரியான விடைகளில் நிற்கவில்லை. ஒரே வயதுடைய பிள்ளைகள் ஒரே வகையான தவறுகளைச் செய்வதைக் கண்டார். சோம்பலாலும் அறியாமையாலும் வரும் தவறுகள் பல திசையில் சிதறிக் கிடக்க வேண்டும் அல்லவா? இவையோ ஒரு வரிசையில் நின்றன. ஆகவே சிறுவர் பெரியவர்களை விடக் குறைவாகச் சிந்திப்பவர் அல்லர். வேறு விதமாகச் சிந்திப்பவர் என்னும் எண்ணம் அவருக்கு அங்கேதான் அரும்பிற்று. விடையைக் கேட்டவுடன் நிறுத்தாமல், ‘ஏன்?’ ‘எப்படி அறிந்தாய்?’ என்று பிள்ளையின் வழியே தொடர்ந்து வினவும் முறையை அவர் வகுத்துக் கொண்டார்.

1921இல் ஜெனீவா நகருக்கு வந்தவர் அங்கேயே நெடுங்காலம் பணியாற்றி, 1980இல் மறைந்தார். 1925, 1927, 1931 ஆகிய ஆண்டுகளில் பிறந்த தம் மக்கள் ஜாக்குலின், லூசியென், லொராம் ஆகிய மூவரையும் தொட்டில் முதற்கொண்டு அவர் கவனித்துக் குறிப்பெழுதினார். அவர்தம் மனைவியார் வாலன்டீனும் இப்பணியில் உடன் உழைத்தார் என்பதை நூல்கள் ஓரிரு வரியில் கூறிக் கடந்துவிடுகின்றன. இரவும் பகலும் குழந்தையுடன் இருப்பவர் தாயே ஆதலின், அவ்வம்மையாரின் பங்கு சிறிதாக இருந்திருக்க இயலாது என்பது அடியேன் கருத்து.

மறைந்த பொருள்

பிறந்தது முதல் ஏறத்தாழ இரண்டாண்டு வரை குழந்தை கண்ணாலும் கையாலும் வாயாலுமே சிந்திக்கின்றது. இதனைப் புலன் இயக்க நிலை என்பர். ஜாக்குலின் ஏழு மாதக் குழந்தையாய் இருந்தபோது, அவள் எட்டிப் பிடிக்க முயன்ற பொம்மை வாத்து போர்வையின் மடிப்பில் நழுவி மறைந்தது. கண்ணுக்குத் தெரிந்தவரை கை நீட்டியவள், மறைந்த நொடியே அதனை விட்டுவிட்டாள். தேடவும் இல்லை, அழவும் இல்லை. காணாத பொருள் அவளுக்கு இல்லாத பொருளாயிற்று என்று பியாஜே கருதினார்.

பத்து மாதம் கடந்தபின் அதே குழந்தை தேடக் கற்றுக்கொண்டாள். ஆனால் அதிலும் ஒரு வியப்பு. ஒரு பொம்மையை இடப்புறத்தில் ஒளித்தால் அங்கே தேடி எடுத்தாள். மறுபடியும் அங்கேயே ஒளிக்க, மறுபடியும் எடுத்தாள். பின்னர் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதனை வலப்புறத்தில் ஒளித்தால், இடப்புறத்திலேயே சென்று தேடினாள்! இச்சோதனையை எட்டு முதல் பன்னிரண்டு மாதக் குழந்தை உள்ள எவ்வீட்டிலும் ஒரு கைக்குட்டையையும் கிலுகிலுப்பையையும் கொண்டு செய்து பார்க்கலாம்.

இத்தவற்றின் காரணம் யாது? குழந்தைக்குப் பொருளைப் பற்றிய அறிவே இன்னும் நிரம்பவில்லை என்றார் பியாஜே. பிற்கால ஆய்வாளர் வேறொன்றையும் கண்டனர். சில குழந்தைகள் கையைப் பழைய இடத்தில் நீட்டும்போதே கண்ணால் புதிய இடத்தைப் பார்க்கின்றன! அதாவது, கண் அறிந்ததைக் கை கேட்கவில்லை. முன்பு இருமுறை வென்ற பழக்கம் கையை இழுக்கின்றது. அவ்விழுப்பைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல், நெற்றியின் பின்னே அமைந்த முன்மூளையின் வளர்ச்சியைப் பொறுத்தது என்று அடேல் டயமண்ட் என்னும் அம்மையார் 1980களில் செய்த ஆய்வுகள் காட்டின. அறிந்தும் இழுப்பினால் தவறுதல் என்னும் இச்செய்தியை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்க. வாலிபப் பருவத்தைப் பேசும்போது இதே முன்மூளையிடம் மீண்டும் வருவோம்.

1987இல் ரெனே பாயர்ஜான் என்னும் ஆய்வாளர், கை நீட்டத் தெரியாத மூன்றரை, நாலரை மாதக் குழந்தைகளிடம் கண்ணையே சான்றாகக் கொண்டார். ஒரு பெட்டியின் முன் ஒரு பலகை மெல்ல எழுந்து பின்புறமாகச் சாய்கின்றது. பெட்டி இருப்பதனால் அது இடையில் நிற்க வேண்டும். நில்லாமல் பெட்டி இருந்த இடத்தின் வழியே முழுதும் சாய்ந்துவிடுமாறு தந்திரமாக அமைத்தபோது, குழந்தைகள் அதனை நெடுநேரம் உற்று நோக்கின. மறைந்த பெட்டி அங்கே இருக்கின்றது என்று அவை ஏதோ ஒரு வகையில் எதிர்பார்த்தன என்பதே அவர் கண்ட முடிவு. அப்பார்வைக்கு எவ்வளவு பொருள் கொள்வது என்பதில் அறிஞரிடையே இன்றும் வழக்கு உண்டு. எனினும், பியாஜே எண்ணியதை விடக் குழந்தை முன்னதாகவே அறிகின்றது என்பதைப் பெரும்பாலோர் ஒப்புவர்.

லூசியெனைப் பற்றிய குறிப்பு ஒன்று அடியேனுக்கு மிகவும் உகந்தது. அவளுக்கு ஒரு வயதும் நான்கு மாதமும். ஒரு சங்கிலியைத் தீப்பெட்டிக்குள் வைத்து, திறப்பில் சிறு இடைவெளி மட்டும் விட்டுத் தந்தை கொடுத்தார். விரல் நுழையவில்லை. அவள் சற்றே நின்று அவ்விடைவெளியைப் பார்த்தாள்; தன் வாயைச் சிறிது திறந்தாள், மேலும் திறந்தாள், இன்னும் அகலமாகத் திறந்தாள்; பின்னர்த் தயங்காமல் பெட்டியை இழுத்துத் திறந்து சங்கிலியை எடுத்துக்கொண்டாள். ‘திறக்க வேண்டும்’ என்னும் சொல் அவளிடம் இல்லை. ஆதலின் வாயினாலேயே எண்ணினாள். சிந்தை முளைவிடுவதைக் கண்ணால் காண இயலுமாயின் அது இதுவே போலும்.

நிலவு உடன் வரும் பருவம்

ஏறத்தாழ இரண்டு முதல் ஏழு வயது வரையிலான காலம் சொல்லும் பாவனையும் பெருகும் காலம். மணல் சோறாகின்றது, வேப்பிலை கறியாகின்றது, வாழை மட்டை குதிரையாகின்றது. அது சோறு அன்று என்று குழந்தைக்குத் தெரியும். மெய்யாக உண்ணத் தொடங்கும் பெரியவரைக் கண்டால் அது சிரிக்கும் அல்லது பதறும். ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் இவ்வாற்றலே பின்னர் எழுத்தை ஒலியாகவும், எண்ணுருவை அளவாகவும் கொள்வதற்கு அடிப்படை. மணலில் விளையாடும் பிள்ளையை அழைத்து வந்து எழுதப் பழக்குவோர், ஒருவகையில் எழுத்துக்கான பயிற்சியிலிருந்தே அதனைப் பிரிக்கின்றனர்.

இப்பருவத்தார் நடந்து செல்கையில் நிலவும் தம்முடன் நடந்து வருகின்றது என்று நம்புவர். ஜெனீவாப் பிள்ளைகளிடம் பியாஜே இதனைக் கேட்டு 1926இல் வெளியிட்ட நூலில் எழுதினார். அசைவன உயிருள்ளவை, ஞாயிறு நமக்கு ஒளி தரவே உதிக்கின்றது என்பன போன்ற விடைகளையும் அந்நூலில் காணலாம். நம் பிள்ளைத்தமிழ் நூல்களைப் பயின்ற அன்பர்களுக்கு இங்கு அம்புலிப் பருவம் நினைவுக்கு வரும். சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நால்வகை உபாயத்தாலும் நிலவை விளையாட வருமாறு அழைப்பது அப்பருவத்தின் மரபு. தலையெடுத்தாடும் செங்கீரை, கைகொட்டும் சப்பாணி, நடைபயிலும் வருகை ஆகியவை முன்னே நிற்க, நிலவை அழைக்கும் அம்புலியும் மணல்வீட்டைப் பற்றிய சிற்றிலும் பின்னே வருதலையும் காண்க. உடலின் ஆட்டம் முன்னும் உள்ளத்தின் ஆட்டம் பின்னுமாக அமைந்த வரிசை அது. இதனைக் கொண்டு, நம் புலவர் உளநூல் முழுதும் முன்பே அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுதல் பொருந்தாது. அவர்கள் குழந்தையை நன்றாகப் பார்த்திருக்கின்றனர். அதுவே போதுமான பெருமை.

தான் காண்பதையே பிறரும் காண்பர் என்று எண்ணுதல் இப்பருவத்தின் மற்றோர் இயல்பு. தன்மையச் சிந்தனை என்று கல்வியியல் நூல்கள் கூறும். தன் கண்ணை மூடிக்கொண்டு ‘நான் ஒளிந்துகொண்டேன்’ என்னும் குழந்தையை யார்தாம் காணவில்லை? இதனைச் சோதிக்க மூன்று மலைகளின் உருவத்தை மேசைமேல் வைத்து, எதிர்ப்புறத்தில் அமர்ந்த பொம்மைக்கு எவ்வாறு தெரியும் என்று பியாஜேயும் அவருடைய உடனுழைப்பாளர் பெர்பெல் இன்ஹெல்டரும் வினவினர். சிறு பிள்ளைகள் தமக்குத் தெரிந்த காட்சியையே காட்டினர். ஆனால் ஸ்காட்லாந்தில் மார்ட்டின் ஹியூஸ் என்பார், காவலர் பொம்மையின் கண்ணில் படாமல் ஒரு சிறுவன் பொம்மையை ஒளித்து வைக்குமாறு கேட்டபோது, மூன்றரை வயதிலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விடைகளில் பத்தில் ஒன்பது சரியாக இருந்தன. மலையின் தோற்றம் பிள்ளைக்குப் பொருளற்றது. காவலரிடமிருந்து ஒளிவது நன்கு விளங்குவது. வினா மாறிற்று, விடையும் மாறிற்று.

ஆயினும் பிறர் கண்ணில் படுவதை அறிவது வேறு. பிறர் மனத்தில் இருப்பதை அறிவது வேறு. ஆஸ்திரிய நாட்டு ஆய்வாளர்களான விம்மர், பெர்னர் ஆகிய இருவரும் 1983இல் ஒரு சிறு கதையைக் கூறினர். மாக்ஸி என்னும் சிறுவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடச் சென்றான். அவன் இல்லாதபோது தாய் அதனை வேறோர் அலமாரிக்கு மாற்றினாள். திரும்பி வந்த மாக்ஸி எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள், சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தையே காட்டுவர். நான்கு, ஐந்து வயதில்தான் ‘அவன் பழைய இடத்தில் தேடுவான், அவனுக்குத் தெரியாதே’ என்னும் விடை வலுப்பெறுகின்றது. தனக்குத் தெரிந்தது பிறர்க்குத் தெரியாமல் இருக்கலாம் என்னும் இவ்வறிவு தோன்றியபின்னரே பிள்ளை பொருத்தமாகப் பொய்யும் சொல்ல வல்லதாகின்றது. ஐந்து வயதுக் குழந்தையின் முதற் பொய்யைக் கேட்டு இடிந்து போகும் பெற்றோர் இதனையும் எண்ணிப் பார்க்கலாம்.

அப்பளமும் தொன்னையும்

இனி வீட்டில் நிகழும் ஒன்று. அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒவ்வோர் அப்பளம் வைக்கின்றோம். தங்கை தனக்கு இரண்டு வேண்டும் என்று அழுகின்றாள். தாய் அவளுடைய அப்பளத்தையே இரண்டாக உடைத்து வைக்க, அழுகை நின்றுவிடுகின்றது! ஒரே அளவான சுண்டலை அகன்ற தட்டிலும் ஒடுங்கிய தொன்னையிலும் இட்டால், உயர்ந்து தோன்றும் தொன்னைக்கே போட்டி. அளவு மாறாமை என்னும் கருத்து இன்னும் உறுதிப்படாத நிலை இது. நீரை அகன்ற கிண்ணத்திலிருந்து நீண்ட டம்ளருக்கு மாற்றினால் ‘இதில் அதிகம்’ என்பதும், ஒரே எண்ணிக்கையுள்ள இரு வரிசைக் காசுகளில் ஒன்றைப் பரப்பி வைத்தால் ‘இதில்தான் அதிகம்’ என்பதும் பியாஜே கண்ட விடைகள். ஏறத்தாழ ஏழு வயதிற்கு மேல், ‘நீங்கள் எதுவும் சேர்க்கவும் இல்லை, எடுக்கவும் இல்லையே’ என்று பிள்ளையே நம்மைத் திருத்தும்.

இங்கும் வினவும் முறையில் ஒரு சிக்கல் உண்டு என்று பிற்காலத்தார் காட்டினர். 1974இல் ரோஸ், பிளாங்க் ஆகிய இருவர், காசுகளைப் பரப்பியபின் ஒரே முறை வினவினால் தவறுகள் குறைவதைக் கண்டனர். பரப்புமுன் ஒருமுறை, பரப்பியபின் ஒருமுறை என்று பெரியவர் ஒரே கேள்வியை இருமுறை கேட்டால், ‘முன்பு கூறிய விடை தவறு போலும்’ என்று பிள்ளை மாற்றிக் கூறுகின்றது. அதே காலத்தில் மகாரிகல், மார்கரெட் டொனால்ட்சன் ஆகியோர் ஒரு குறும்புக் கரடிப் பொம்மை வந்து வரிசையைக் கலைப்பதுபோல் அமைத்தனர். பெரியவர் வேண்டுமென்றே மாற்றியபோது தவறிய வயதினர் பலர், கரடி கலைத்தபோது எண்ணிக்கை மாறவில்லை என்று சரியாகக் கூறினர். வகுப்பில் நாம் ‘மறுபடியும் சொல்’ என்று உரத்துக் கூறும்போது சரியான விடையைக் கைவிட்ட பிள்ளைகள் எத்தனை பேரோ!

பழக்கமும் இதில் பங்கு கொள்கின்றது. மெக்சிகோ நாட்டில் மண்பாண்டம் வனையும் குடும்பத்துப் பிள்ளைகளை ஆராய்ந்து 1969இல் வெளியிட்டனர். களிமண் உருண்டையை நீட்டினாலும் தட்டையாக்கினாலும் மண் அதே மண்தான் என்பதை அவர்கள் பிற பிள்ளைகளினும் மேலாக உணர்ந்திருந்தனர். நாள்தோறும் கையில் பிசைந்தவர்க்கு ஐயம் ஏது?

சந்தையில் கணக்கு, தாளில் கணக்கு

தெரேசினியா கராகெர், டேவிட் கராகெர், அனலூசியா ஷ்லீமன் ஆகியோர் பிரேசில் நாட்டின் ரெசிபே நகரத்தில் தெருவில் பொருள் விற்கும் பிள்ளைகளை ஆராய்ந்து 1985இல் எழுதிய கட்டுரை, ஆசிரியர் அனைவரும் அறியத் தக்கது. வாடிக்கையாளர் போல் சென்று இவர்கள் கணக்குக் கேட்டனர். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் தேங்காய் ஒன்று 35; பத்துத் தேங்காய்க்கு எவ்வளவு? அவன் மூன்று தேங்காய்க்கு 105 என்று தொடங்கி, மூன்று மூன்றாகக் கூட்டி, எஞ்சிய ஒன்றையும் சேர்த்து 350 என்றான். பத்தால் பெருக்க ஒரு பூச்சியம் இடும் வழி அவனுக்குப் பயன்படவில்லை. தன் வழியில் பிழையின்றி வந்து சேர்ந்தான். தெருவில் அப்பிள்ளைகளின் விடைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரி. அதே பிள்ளைகளிடம் அதே வகையான கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது, சரியானவை நூற்றுக்கு முப்பத்தேழு அளவே.

நம் நாட்டிலும் இவ்வகை ஆய்வு நிகழ்ந்துள்ளது. கொல்கத்தா, தில்லி நகரச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ, எலிசபெத் ஸ்பெல்கி முதலியோர் செய்த ஆய்வு 2025இல் வெளிவந்தது. சந்தைப் பிள்ளைகள் சிக்கலான விற்பனைக் கணக்கை மனத்தால் முடித்தனர். பாடநூல் வடிவில் தந்த எளிய கணக்கில் தடுமாறினர். பள்ளி மட்டும் செல்லும் பிள்ளைகளோ தாளில் வல்லவர். சந்தைக் கணக்கில் தடுமாறினர். எவர் அறிவுடையவர் என்று இனி எதைக் கொண்டு கூறுவது? பிள்ளைகள் வேலைக்குச் செல்வது நன்று என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அவர்களிடம் ஏற்கெனவே உள்ள கணக்கைப் பள்ளி கண்டுகொள்ளவில்லை என்பதே பொருள்.

இவ்விடத்தில் வைகாட்ஸ்கியைக் கூறாமல் இருத்தல் இயலாது. பியாஜே பிறந்த அதே 1896இல் உருசியப் பேரரசில் பிறந்து, காச நோயால் 1934இல் தம் முப்பத்தேழாம் வயதில் மறைந்தவர் அவர். பிள்ளை தனித்து நின்று அறிவதை விட, பெரியவருடனும் மூத்த பிள்ளைகளுடனும் சேர்ந்து அறிவதையே அவர் முதன்மையாகக் கொண்டார். எட்டு வயதினர்க்குரிய வினாக்களைத் தனியே முடிக்கும் இரு பிள்ளைகளை எடுத்துக் காட்டுகின்றார். சிறிது துணை செய்தால் ஒருவன் ஒன்பது வயதினர்க்குரியதை மட்டும் முடிப்பான். மற்றவன் பன்னிரண்டு வயதினர்க்குரியதையும் முடிப்பான். தேர்வுத் தாளில் இருவரும் ஒன்றே, உள்ளத்தில் ஒன்றல்லர். மேலும், விளையாடும்போது பிள்ளை தனக்குத்தானே பேசிக்கொள்வதை, வளர்ச்சி குன்றிய பேச்சு என்னாமல், உள்ளே சென்று சிந்தனையாக மாறப் போகும் பேச்சு என்றார் அவர். கணக்குப் போடும்போது முணுமுணுக்கும் பிள்ளையை வாயை மூடச் சொல்வது எவ்வளவு பொருந்தாது என்பது இதனால் விளங்கும். வைகாட்ஸ்கியின் நூல் ஆங்கிலத்தில் வந்த 1962இல், அவர் கூறிய மறுப்புகளுக்குப் பியாஜே விடை எழுதினார். எழுதப்பட்டவர் மறைந்து இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

இங்குக் கூறும் வயதுகள் யாவும் ஏறத்தாழக் கூறியவையே. அடுத்த வீட்டுப் பிள்ளையுடன் ஒப்பிட்டு வருந்துதல் வேண்டா. ஆனால் ஓராண்டு நிறைந்தும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, கற்ற சொற்களை இழத்தல் போன்றவை காணப்படின், தாமாகச் சரியாகும் என்று காலம் கடத்தாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

பன்னிரண்டுக்கு மேல்

ஏழு முதல் பதினொன்று வரை பிள்ளையின் தருக்கம் கையில் உள்ள பொருளைப் பற்றி நிற்கும். பன்னிரண்டை ஒட்டி, இல்லாததையும் ‘இருந்தால்’ என்று வைத்துக்கொண்டு எண்ணும் ஆற்றல் தோன்றுகின்றது. 1955இல் இன்ஹெல்டரும் பியாஜேயும் வெளியிட்ட நூலில் உள்ள ஊசல் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். கயிற்றில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, இது வேகமாக ஆடுவதும் மெதுவாக ஆடுவதும் எதனால் என்று கேட்க. கல்லின் எடையா, கயிற்றின் நீளமா, தள்ளும் விசையா? ஒன்பது வயதுப் பிள்ளை எடையையும் நீளத்தையும் ஒருசேர மாற்றிவிட்டு முடிவு கூறும். பதினான்கு வயதினருள் பலர், மற்றவற்றை மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து, நீளமே காரணம் என்று காண்பர். எல்லாரும் எல்லாத் துறையிலும் இவ்வாறு சிந்திப்பர் என்று கொள்ள வேண்டா; அவரவர் பழகிய துறையைப் பொறுத்தே இது அமையும் என்று பியாஜேயே 1972இல் எழுதினார்.

‘இருந்தால்’ என்று எண்ணத் தெரிந்தவன் ‘வேறு விதமாக இருந்தால் என்ன?’ என்றும் கேட்பான். வீட்டின் வழக்கம், ஊரின் வழக்கம், பெரியோர் சொல் எல்லாம் அவ்வினாவுக்கு உட்படும். நேற்று வரை பணிந்து நடந்த பிள்ளைக்குத் திமிர் வந்துவிட்டது என்று தந்தையர் குறைகூறும் காலம் இது. புதிதாகக் கிடைத்த கருவியை அவன் கையில் கிடைத்த எல்லாவற்றின்மீதும் பயன்படுத்திப் பார்க்கின்றான் என்றே அடியேன் கொள்வேன். எல்லாரும் தன்னையே பார்க்கின்றனர் என்னும் எண்ணமும் அப்போது மிகும். டேவிட் எல்கைன்ட் 1967இல் இதனைக் கற்பனைப் பார்வையாளர் என்று குறித்தார். முகத்தில் ஒரு பரு தோன்றினால் பள்ளிக்குச் செல்ல மறுக்கும் பெண்ணிடம் ‘யார் உன்னைப் பார்க்கப் போகின்றார்கள்?’ என்பது ஆறுதல் ஆகாது.

முன்மூளையைப் பற்றி முன்பு கூறினோம். அதன் வளர்ச்சி இருபது வயதைக் கடந்தும் தொடர்கின்றது. 2005இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் ஆகிய இருவரும் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை மூவகை வயதினர்க்குத் தந்தனர்: பதின்மூன்று முதல் பதினாறு, பதினெட்டு முதல் இருபத்திரண்டு, இருபத்துநான்கும் அதற்கு மேலும். தனியே ஆடியபோது இளையோர் மூத்தோரை விடப் பெரிதும் துணிந்து ஓட்டவில்லை. நண்பர்கள் பக்கத்தில் நின்று பார்த்தபோதோ, இளையோர் மிகவும் துணிந்தனர். மூத்தோரிடம் மாற்றம் காணப்படவில்லை. விதியை அறியாமையால் வந்த துணிவு அன்று இது. பத்து மாதக் குழந்தையின் கண் சரியான இடத்தைப் பார்க்க, கை வேறிடம் சென்றது போன்றதே.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில், பள்ளியில் பிள்ளையை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்கின்றது. அடியேன் அச்சிறுவனை நிற்க வைத்த நாளில் இச்சட்டம் இல்லை. வீட்டிற்குள்ளோ, கேட்கும் பொறுப்பு பெற்றோரையே சார்ந்தது. இரவில் வண்டியை விரைந்து ஓட்டிக் காலில் கட்டுடன் திரும்பிய மகனிடம் ‘உனக்கு அறிவில்லையா?’ என்று கேட்டால் விடை கிடைக்காது. அறிவு இருந்தது என்பது அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். வலி சற்றுத் தணிந்தபின், பிறர் இல்லாத வேளையில், ‘அப்போது உன்னுடன் யார் யார் இருந்தனர்?’ என்று கேட்டுப் பார்க்கலாம்.